பத்தியம் முறித்த கை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியர் திரு. பாலசுந்தரம் அவர்களே! ஊராட்சி மன்றத்துப் பெரியவர்களே! சத்துணவுக் கூடத்தில் மறைந்த வீரம்மாள் அம்மையாரோடு தோளுக்குத் தோள் நின்ற ரெங்கம்மாள் அக்கா அவர்களே! நடவைப் பாதியில் விட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முன்னால் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் என் தம்பி தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் தர்மன் மகள், பத்தாம் வகுப்பு மாணவி பச்சையம்மாளின் வணக்கம்.

படத்தை வைத்து மாலை போடுவதுதான் இரங்கல் கூட்டங்களில் வழக்கம். நாமும் படம் தேடினோம். சத்துணவுச் சமையலர் வீரம்மாள் அம்மையாரை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் படம் எடுத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், எண்பத்திரண்டில், நம் ஊரில் சத்துணவுக் கூடம் திறந்த அன்று எடுத்த படம் அது. அதிலும் சாம்பார் அண்டாவிலிருந்து எழுந்த ஆவி அவருடைய முகத்தை மறைத்துவிட்டது. அதனால்தான் இந்த நாற்காலியில் அவருடைய கரண்டியை வைத்து மாலை போட்டிருக்கிறோம். முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவர் இருந்தால் நம் எல்லோரையும் விட உரக்கச் சிரித்திருப்பார்.

நான் அழுவதற்காக இங்கே வரவில்லை. பத்து நாட்களாக அழுதாயிற்று. பத்து நாட்களுக்கு முன்பு, காலையில் அடுப்பு மூட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அரியலூர் பஸ் வருவதற்குள் போய்விட்டார். போகும்போது ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டார். அந்த வேலை இப்போது இந்தக் கூட்டத்தின் கடைசியில், புளிய மரத்தடியில், தன் அப்பா மடியில் உட்கார்ந்திருக்கிறது. பிச்சைமுத்து மாமாவின் மகள் பொன்னாயி. ஆறு வயது. பன்னிரண்டு நாட்களாக உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பத்தியத்தை முறிக்க வேண்டியவர் வீரம்மாள் அத்தை. அவர் இல்லை. இனி யார் முறிப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் பதிலைச் சொல்ல, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வீரம்மாள் அத்தை சமையலராவதற்கு முன்பே நம் ஊருக்கு மருந்துக்காரர். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார். இருபது வருடம் கொடுத்தார். ஒருவரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை. திருமானூரிலிருந்து கூட ஆட்கள் வருவார்கள். மருந்தை விட அவருடைய பத்தியம்தான் கடுமை. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, கறி மீன் வாசனை கூடாது. எத்தனை நாள்? அவர் முறிக்கும் வரை! மருந்து கொடுத்த கைதான் பத்தியத்தை முறிக்க வேண்டும். தலைமுழுகி உட்கார்ந்தவர் வாயில் அந்தக் கை உப்பிட்ட சோற்றை ஊட்டினால்தான் முடிந்தது. வேறு யாராவது முறித்தால் மருந்து நரம்பில் இறங்கிக் கை கால் முடங்கிவிடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்!

என் தங்கை மருதாயிக்கு மூன்று வயதிலிருந்தே கண் மஞ்சள். ஒரு பத்தியம் முறியும், இரண்டு மாதம் போகும், மறுபடியும் கண் மஞ்சளாகும், மறுபடியும் பத்தியம். எங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் இரண்டு சட்டி. எனக்குக் கருவாட்டுக் குழம்பு, அவளுக்கு வெறுங்கஞ்சி. ஒன்பது வயதில் அவளுக்கு ஆறு வயதுப் பிள்ளையின் உடம்புதான் இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், உப்புச் சாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு விரலை நனைத்து நனைத்து உப்பை நக்கிக்கொண்டிருக்கிறாள். "அக்கா, அத்தைகிட்ட சொல்லிடாதக்கா" என்றாள். நான் சொல்லிவிட்டேன். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். அதற்காக அவளுக்கு இன்னும் இருபது நாள் பத்தியம் நீண்டது. நான் செய்த தவறு இது. வீரம்மாள் அத்தையின் தவறைப் பேசப்போகிறவள் தன் தவறை முதலில் சொல்ல வேண்டும் அல்லவா?

மருதாயி மட்டுமா? நம் தெருவில் இப்படி ஐந்து பிள்ளைகள். ஐவருக்கும் கண் மஞ்சள், ஐவருக்கும் கை கால் குடைச்சல், ஐவருக்கும் பத்தியம். அவர்களில் மூத்தவர் காத்தாயி அக்கா. பதினைந்து வயதில் அவரை என் வகுப்புத் தோழி என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று.

போன வருடம் தை அறுப்பு. மருதாயி வெயிலில் காலையிலிருந்து கதிர் பொறுக்கினாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மாலையில் காலைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். தொட்டால் அலறினாள். நம் தலைமையாசிரியர் அவர்கள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு பஸ் ஏறினார்கள். நானும் போனேன். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது.

ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் வட்டமாக இருக்க வேண்டுமாம். இந்தப் பிள்ளைகளுக்கு அவை கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்துவிடுகின்றனவாம். வளைந்தவை சின்னக் குழாய்களில் சிக்கிக்கொள்வதால் வலி. சீக்கிரம் உடைந்துபோவதால் சோகை. உடைந்ததிலிருந்து வரும் நிறம்தான் கண்ணில் மஞ்சள். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பிறவியிலேயே வருவது, காமாலை அல்ல. "உடைஞ்ச ரத்தத்துக்கு ஈடா இவ உடம்பு ராப்பகலா புது ரத்தம் உண்டாக்குது. அதுக்கு வேலை அதிகம், தீனியும் அதிகம் வேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பங்குன்னா இவளுக்கு ஒன்றரைப் பங்கு. பருப்பு, கீரை, மீன், கடலை, எண்ணெய் எல்லாம் குடுங்க. தண்ணி நிறைய. நீங்க என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கஞ்சிங்க" என்றார்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நான் நேராக வீரம்மாள் அத்தை வீட்டுக்குப் போனேன். ஓடினேன் என்றே சொல்லலாம். அவர் முற்றத்தில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னாடி சொல்றா ஒன் டாக்டரு?"

"காமாலை இல்லையாம் அத்தை."

"கண்ணு மஞ்சளா இருக்கு, மூத்திரம் மஞ்சளா இருக்கு. காமாலை இல்லாம பின்ன என்னா, தங்கம் வெளயிதா அவ வவுத்துல?"

"ரத்தம் வேற மாதிரியாம். நல்லா சாப்பிடணுமாம். சீட்டு பாருங்க."

"எனக்கு எழுத்து தெரியாதுன்னு சீட்டக் காட்டுறியா? இருவது வருசமா மருந்து குடுக்குறேன். எட்டாங்கிளாசு படிச்சிட்டு எனக்கு நோவு சொல்ல வந்துட்டா!"

கட்டிலில் படுத்திருந்த அவர் வீட்டுக்காரர் அரியமுத்து மாமா, "அந்தப் புள்ள சொல்றதத்தான் கொஞ்சம் காதுல வாங்கேன்" என்றார்.

"நீ சும்மா கெட. ஒனக்குக் கண்ணு செவந்தா அது வேற நோவு. அதுக்கு மருந்து என்கிட்ட இல்ல, சாராயக் கடைய மூடுனாத்தான் தீரும்!"

மாமா, மன்னிக்க வேண்டும். நீங்களே சொல்லச் சொன்னதால்தான் சொன்னேன்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்ப ஆறு வருசமா நீங்கதான் எந்தங்கச்சியப் பட்டினி போட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். தவிடு பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. கோழிகள் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு மெதுவாக, "வூட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. சீட்டு கூரையில் செருகப்பட்டது. அப்பா, "டாக்டரம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா மருந்து குடுத்த கை முறிக்காம உப்பு போட்டா புள்ள முடங்கிப்போயிட்டா?" என்றார். அவர் மூடரா? இல்லை. பயந்தவர். மகள் மேல் உயிரை வைத்திருப்பவர்தான் அப்படிப் பயப்படுவார். பிச்சைமுத்து மாமா, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

பதினெட்டு நாள் போயிற்று. ஒரு சனிக்கிழமை வீரம்மாள் அத்தையைக் காணோம். அரியமுத்து மாமாவுக்கும் தெரியவில்லை. சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தன்னந்தனியாக, கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்! அந்த டாக்டரம்மாவைக் கண்டுபிடித்து, "அந்த ரத்தத்த எனக்குக் காட்டுங்க தாயி" என்று கேட்டிருக்கிறார். அவரும் பொறுமையாக உட்காரவைத்து, நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார். முதலில் வீரம்மாள் அத்தையின் விரலில் எடுத்த ரத்தம், பிறகு நோயுள்ள ஒரு பிள்ளையின் ரத்தம். பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "பாத்துட்டேன் தர்மா. ஒரு கண்ண மூடிக்கிட்டு பாத்தேன். அத்தனையும் கருக்கருவா மாதிரி வளஞ்சி கெடக்கு. இந்த அருவாளப் புடிச்சி நாம ஆயுசு முழுக்க அறுத்தோம், அது புள்ள ரத்தத்துல இருக்கிறது தெரியலியே" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை அஞ்சு பேரையும் தலைமுழுக்காட்டி சத்துணவுக் கூடத்துக்குக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை இங்கே இருந்தவர்கள் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, எத்தனை கைகள்! ஊரே வந்திருந்தது. ஐந்து பிள்ளைகளும் வரிசையாக இலை முன்னால். வீரம்மாள் அத்தை தன் வீட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்து பொரித்திருந்தார். பருப்பு, முருங்கைக்கீரை, மணக்க மணக்க நல்லெண்ணெய். கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று என்ன சொன்னார்? "தப்பு என்னுது" என்றார். "காமாலைக்குக் குடுக்கிற மருந்த காமாலை இல்லாத புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். தெரியாம குடுத்தேன். இப்பத் தெரிஞ்சிடுச்சு. இனிமே குடுத்தா அது பாவம்."

பெரியோர்களே! நான் நிறையப் புத்தகம் வாசிக்கிறவள். நூலகத்தில் பெரிய மனிதர்களின் வரலாறு எத்தனையோ இருக்கிறது. போரில் வென்றவர்கள் இருக்கிறார்கள், நாடு பிடித்தவர்கள் இருக்கிறார்கள். தன்னை நம்பி இருபது வருடம் வந்த ஊருக்கு முன்னால் "தப்பு என்னுது" என்று சொன்னவர் எத்தனை பேர்?

ஆனால் அன்றைய கதை அதோடு முடியவில்லை. சோற்றை வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி அவருடைய வலது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டு வரை கொப்புளம். ஊட்டுவதற்குக் கை இல்லை! உடனே கூட்டத்தில் முணுமுணுப்பு. "சகுனம் சரியில்ல, அடுத்த வெள்ளிக்கிழமை பாப்போம்" என்று என் அப்பாதான் முதலில் சொன்னார். ஐந்து பிள்ளைகளும் இலையைப் பார்க்கிறார்கள், அப்பாவைப் பார்க்கிறார்கள், கருவாட்டைப் பார்க்கிறார்கள்.

"அடுத்த வெள்ளியா? அதுவரைக்கும் இதுங்க காத்தக் குடிக்கவா?" என்று கத்தினார் வீரம்மாள் அத்தை. "ஏ பச்ச! எங்கடி அவ? வாயி நீளமா இருந்துச்சே, கை இருக்கான்னு பாப்போம். வாடி இங்க!"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். சண்டைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். இடது கையால் இந்தக் கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். "இது என் கரண்டி. இதப் புடிக்கிற கை என் கை. எந்தக் கையா இருந்தாலும் சரி. யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க." ஒருவரும் கேட்கவில்லை. நான் இந்தக் கரண்டியில் சோறு அள்ளி, பிசைந்து, முதல் கவளத்தை என் தங்கை வாயில் வைத்தேன். உப்புப் பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லவே இல்லை, வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "முழுங்குடி, இன்னும் அண்டா நெறையக் கெடக்கு" என்றார் அத்தை.

யாருக்காவது கை முடங்கியதா? கால் முடங்கியதா? மருதாயி, எழுந்து நில். எல்லோரும் பாருங்கள்! அன்று அவள் எடை பதினைந்து கிலோ. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிறுக்கும் தராசில்தான் நிறுத்தோம். இன்று இருபத்து மூன்று. மாதாமாதம் ஐந்து பேரையும் அந்தத் தராசில் ஏற்றி, தலைமையாசிரியர் பள்ளிச் சுவரில் எண்ணை எழுதுவார். வீரம்மாள் அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சுவரில் ஒரு எண் போன மாதத்தை விடக் குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் நிற்பார்.

தண்ணீர் விஷயத்தை மறக்க முடியுமா? ஆளுக்கு ஒரு சொம்பு, ஐந்து சொம்பு, ஐந்து நிற நூல் கட்டி வைத்திருந்தார். சொம்பு காலியானால்தான் சோறு. தண்ணீர் குடித்த பிள்ளைகள் வகுப்பில் அடிக்கடி வெளியே போகக் கேட்பார்கள். நம் தலைமையாசிரியர் ஒருமுறை "பாடம் நடக்கும்போது என்ன இது?" என்று கோபித்துக்கொண்டார். மறுநாள் வீரம்மாள் அத்தை கரண்டியோடு வகுப்பு வாசலில் நின்றார். "சார், பாடம் பொறுக்குங்க. ஒண்ணுக்குப் பொறுக்காதுங்க." சார் சிரிக்கிறார்கள். அன்றும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் அனுமதி கேட்கத் தேவையில்லை.

டாக்டரம்மா அனுப்பிய சின்ன மாத்திரைகளைப் பார்த்து, "மஞ்சக் கண்ணுக்கு மஞ்ச மாத்திரையா? என் கீழாநெல்லி பச்சையா இருந்ததுதான் குத்தம் போல" என்று தன்னையே கேலி செய்துகொண்டார். ஆனால் ஒரு நாள் ஒரு பிள்ளைக்கும் மாத்திரை தவறியதில்லை.

காத்தாயி அக்கா பள்ளியில் படிக்கவில்லை. அவர் பெயர் சத்துணவுப் பட்டியலில் இல்லை. அதனால் வீரம்மாள் அத்தை தன் பங்குச் சோற்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கூழ் குடித்தார். "பதினாறாகப் போவுது, இன்னும் வயசுக்கு வரலியே" என்று காத்தாயி அக்காவின் அம்மா அழுதபோது, "மழை பேஞ்சாத்தான் ஏரி ரொம்பும். நாம அந்தப் புள்ள மேல மேகத்தக்கூட வுடலியே. திங்க வுடு, வரும்" என்றார். வைகாசியில் அந்த வீட்டில் பந்தல் போட்டார்கள். விருந்துக்குச் சமைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

வலி அடியோடு போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் கூட மருதாயி மூன்று நாள் படுத்திருந்தாள். இந்த நோய் போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் படுத்தவள் எழுந்தாள். முன்பெல்லாம் எழ ஒரு மாதமாகும். சாப்பிட்ட உடம்பு எழுகிறது, அதுதான் வித்தியாசம்.

இப்போது பொன்னாயிக்கு வருகிறேன்.

இந்த மழைக்கு ஊரில் உண்மையான காமாலை பரவியிருக்கிறது, உங்களுக்கே தெரியும். பொன்னாயியின் கண் மஞ்சளானபோது வீரம்மாள் அத்தை என்ன செய்தார்? முதலில் ரத்தம் எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பச் சொன்னார். "பதில் வர்ற வரைக்கும் மருந்து தரேன். எண்ணெய மட்டும் நிறுத்துங்க, உப்பு இருக்கட்டும்" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். உப்பையும் பருப்பையும் நிறுத்தியது பொன்னாயியின் வீடுதான். பழைய பத்தியம் முழுதாக இருந்தால் நல்லது என்று, அன்பினால்தான். இரண்டு நாளில் அத்தை போய்விட்டார். நேற்று முன்தினம் தஞ்சாவூரிலிருந்து பதில் வந்தது. காமாலை அல்ல. நம் தெருவின் ஆறாவது அரிவாள் பிள்ளை பொன்னாயி.

நேற்று நானும் ரெங்கம்மாள் அக்காவும் போய்க் கேட்டோம். பிச்சைமுத்து மாமா சொன்னார்: "டாக்டரு சொல்றது வெளங்குது பச்ச. ஆனா குடுத்த கை போயிடுச்சே. இனி யாரு முறிப்பா?"

மாமா! அந்தக் கேள்விக்கு வீரம்மாள் அத்தை போன வருடமே பதில் சொல்லிவிட்டார். இந்த ஊர் முழுக்கச் சாட்சியாக இருக்கச் சொன்னார். அன்று கையைத் தூக்கியவர்களே, இன்னொரு முறை தூக்குங்கள்! "இதப் புடிக்கிற கை என் கை, எந்தக் கையா இருந்தாலும் சரி" என்று அவர் சொன்னது உண்மையா, இல்லையா? உண்மை என்றால், வீரம்மாள் அத்தையின் கை போகவில்லை. மாலையோடு இந்த நாற்காலியில் இருக்கிறது.

இந்தக் கரண்டியை நாம் மாலை போட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. மாலை போட்ட கரண்டி சோறு அள்ளாது. மன்னியுங்கள், அதை நான் எடுத்துவிடுகிறேன். நாளை முதல் ரெங்கம்மாள் அக்கா இதைப் பிடிப்பார். ஆறாவது சொம்புக்கு இன்று காலையே நூல் கட்டிவிட்டார், ஊதா நிறம். சுவரில் ஆறாவது பெயரைச் சார் எழுதுவார்கள். இனிமேல் எந்தப் பிள்ளையின் கண் மஞ்சளானாலும், பத்தியத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையை நான் சனிக்கிழமை பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போவேன். பரீட்சை இருந்தாலும் போவேன். இது வீரம்மாள் அத்தை மேல் ஆணை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பயமாக இருந்தால் வந்து கேளுங்கள், பயத்தினால் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

இதோ சோறு. பருப்பு, முருங்கைக்கீரை, உப்பு, நல்லெண்ணெய். கருவாடு அரியமுத்து மாமா கொண்டுவந்தது.

பிச்சைமுத்து மாமா, இன்று நான் ஊட்டப் போவதில்லை. கரண்டியை நீங்கள் பிடியுங்கள். எழுந்து வாங்க மாமா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்க. எல்லோரும் கொஞ்சம் வழி விடுங்கள்…

வந்துவிட்டார். வாங்க. இந்தாங்க, பிடியுங்க. பயமாக இருந்தால் பரவாயில்லை, அன்றைக்கு எனக்கும் பயம்தான்.

பொன்னாயி, மொதல்ல இந்தச் சொம்புத் தண்ணியக் குடி கண்ணு. ம்… இன்னும் கொஞ்சம். போதும்.

இப்ப வாயத் தொற. அப்பா ஊட்டுறாரு பாரு.